மிஷின் இல்லாத பல் டாக்டர்

பல் டாக்டரிடம் ஆசையாக வருகிறவர்கள் பெரியவர்களிலேயே யாரும் கிடையாது. நான் பார்ப்பது குழந்தைகளுக்கு. குழந்தைகளுக்குப் பாடம் நடத்துகிறவர்கள், ஊசி போடுகிறவர்கள், முடி வெட்டுகிறவர்கள், போட்டோ எடுக்கிறவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தொழிலில் பாதி நேரம் பல்லைப் பார்க்கிறோம். மீதி நேரம், வாயைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருக்கிறோம்.

நாலு பேர் பிடித்த பையன்

படிப்பு முடித்து, காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் சேர்ந்தேன். கிளினிக்கின் சொந்தக்காரர் அறுபது வயதைத் தாண்டியவர். எல்லோருக்கும் அவர் 'பெரிய டாக்டர்'. எனக்கு உதவிக்கு இருந்தவள் செல்வி. இன்றைக்கும் அவள்தான் இருக்கிறாள். குழந்தைகள் வந்தால் பெரிய டாக்டர் என் அறைக்கு அனுப்பிவிடுவார். அப்படி வந்தவன் விக்னேஷ், ஐந்து வயது. கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை. நான் படித்தபடி ஊசி போட்டு, மிஷினால் குடைந்து, அடைக்க வேண்டும்.

மிஷின் சத்தம் கேட்டதும் பையன் நாற்காலியிலிருந்து நழுவி இறங்கப் பார்த்தான். அப்பா காலைப் பிடித்தார். செல்வி கையைப் பிடித்தாள். அம்மா தலையைப் பிடித்தாள். போதாததற்கு வெளியே சீட்டு எழுதுகிற பெண்ணையும் கூப்பிட்டோம். இருபது நிமிஷம். எத்தனையோ பிள்ளைகளுக்கு இப்படிச் செய்வதைப் பல் மருத்துவக் கல்லூரியில் பார்த்திருக்கிறேன், அதனால் எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. வேலை அருமையாக முடிந்தது. கையைக் கழுவிக்கொண்டே, "பாருங்க, எவ்ளோ அழகா அடைச்சிருக்கேன்" என்று கண்ணாடியில் காட்டினேன். அப்போதுதான் பையனின் டிராயர் நனைந்திருந்ததைக் கவனித்தேன். அவன் அழுகையை நிறுத்தியிருந்தான். யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா தன் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டு, என் மேல் கோபமே இல்லாமல், சாதாரணமாகச் சொன்னாள்: "நல்லாதான் அடைச்சிருக்கீங்க டாக்டரம்மா. ஆனா அடுத்த தபா இவன இட்டுக்கினு வரணும்னா நான் பொய் சொல்லித்தான் இட்டுக்கினு வரணும்."

மை பூசிய டாக்டர்

அந்த வார்த்தை என்னை விடவில்லை. ஒரு தாயைப் பொய் சொல்ல வைக்கிற வைத்தியத்தை நான் செய்ய மாட்டேன் என்று முடிவெடுத்தேன். வேறு வழி இருப்பது எனக்குத் தெரியும், புத்தகத்தில் படித்ததுதான். பால் பல்லில் சொத்தை நரம்பைத் தொடாதவரை மிஷினே வேண்டாம். வெள்ளி கலந்த ஒரு மருந்தைச் சின்ன பிரஷ்ஷால் தொட்டு வைத்தால் சொத்தை மேலே பரவாமல் நின்றுவிடும். இல்லையென்றால், மெத்தென்று ஆகிப்போன பகுதியைக் கைக்கரண்டி என்கிற சின்னக் கருவியால் சுரண்டி எடுத்துவிட்டுப் பல்லுக்கென்று இருக்கிற சிமெண்ட் வைத்து அடைக்கலாம். கடைவாய்ப் பல்லானால் குடையாமலேயே மேலே ஸ்டீல் தொப்பி போட்டு மூடிவிடலாம். மறுபடி பயிற்சி எடுத்துக்கொண்டு வந்து பெரிய டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "உன் ரூம்ல நீ என்ன வேணா பண்ணும்மா. யாராவது சண்டைக்கு வந்தா மட்டும் என்னைக் கூப்பிடாதே" என்றார்.

சண்டைக்கு ஆள் வந்தது இரண்டாவது வாரமே. யாழினி என்று நாலு வயதுப் பெண். மேல் முன்பற்கள் நாலிலும் சொத்தை. மருந்தில் ஒரு குறை உண்டு, சொத்தை இருக்கிற இடம் கன்னங்கரேல் என்று கறுத்துப்போகும். அம்மாவிடம் போட்டோ காட்டி, எல்லாவற்றையும் சொல்லி, சம்மதம் வாங்கித்தான் வைத்தேன். ஒரு நிமிஷ வேலை. குழந்தை அழவேயில்லை. ஆனால் அம்மா வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை உறவில் ஒரு கல்யாணம். வீடியோ எடுக்கிறவர், "பாப்பா, சிரி" என்றிருக்கிறார். பாப்பா நன்றாகவே சிரித்திருக்கிறாள்.

திங்கட்கிழமை காலை அப்பா யாழினியைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்து நின்றார். "பொம்பளப் புள்ள பல்லுக்கு மை பூசி அனுப்பிச்சிருக்கீங்க. கல்யாணத்துல அத்தன பேரும் இன்னா ஆச்சுன்னு கேக்கறாங்க. நான் இன்னான்னு சொல்றது?" அவர் கேட்டது நியாயம். பல் அப்பாவுக்கும்தான் சொந்தம், அவரிடமும் நான் பேசியிருக்க வேண்டும். உட்காரவைத்து, மருந்து வைப்பதற்கு முன்னால் எடுத்த படத்தைக் காட்டினேன். கறுப்பு விழுந்த இடம் இப்போது கெட்டியாக இருப்பதைக் கருவியால் தொட்டுக் காட்டினேன். வேண்டுமென்றால் கறுப்பு தெரியாமல் மேலே வெள்ளைச் சிமெண்ட் வைத்து மூடித் தருகிறேன் என்றேன். அவர் படத்தை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு, எதற்கும் கேட்டு வைப்போம் என்பதுபோல மகளைப் பார்த்து, "இன்னாடா, வெள்ளையா மாத்திக்கலாமா?" என்று கேட்டார். யாழினி தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். "வேணாம்பா. என் பல்லுல இருந்த பூச்சி செத்துப்போச்சு, அதான் கறுப்பா இருக்குது. எங்க மிஸ்ஸுக்கு டெய்லி காட்டணும்."

கோகுலின் கடி

கிளினிக்குக்கு வருகிற குழந்தைகள் கொஞ்சம்தான். வராதவர்கள்தான் அதிகம். ஓரிக்கைக்கு அந்தப் பக்கம் ஒரு அங்கன்வாடியில் அனுமதி வாங்கிக்கொண்டு நானும் செல்வியும் போனோம். இரண்டு மேஜையைச் சேர்த்துப் போட்டு, மேலே பாய் விரித்து, தலைமாட்டில் நான் உட்கார்ந்தேன். நெற்றியில் ஒரு லைட். ஒரு தட்டில் கண்ணாடி, கைக்கரண்டி, பஞ்சு, சிமெண்ட். அவ்வளவுதான். அங்கன்வாடி டீச்சர் தட்டைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். "மிஷின்லாம் பின்னாடி வண்டில வருதுங்களா?" என்று கேட்டார். மிஷின் கிடையாது என்றதும் முகத்தில் நம்பிக்கை குறைந்தது தெரிந்தது. பத்தரை மணிக்குக் கரண்ட் போனது. ஃபேன் நின்றது. எங்கள் வேலை நிற்கவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் அவர் எங்களுக்கு டீ சொன்னார்.

அங்கே கோகுல் என்று ஒருவன் இருந்தான். வாயைத் திறக்கவே மாட்டேன் என்று இரண்டு உதட்டையும் உள்ளே மடித்து வைத்துக்கொண்டான். அன்றைக்கு அவனைத் தொடவில்லை. கண்ணாடியை அவன் கையில் கொடுத்து மற்ற பிள்ளைகளின் வாயைப் பார்க்கச் சொன்னேன். மறு வாரம் போனபோது அவனே வந்து மேஜையில் ஏறிப் படுத்தான். இரண்டு பல்லைச் சுரண்டி அடைத்தேன். ஆறு மாதம் கழித்து அடைத்தது நிற்கிறதா என்று பார்க்கப் போனோம். நிற்கிறது. விரலை வைத்து அழுத்திப் பார்த்தேன். அன்று அவனுக்கு என்ன மனநிலையோ, சரியாக அந்தப் பல்லாலேயே என் ஆள்காட்டி விரலைக் கடித்தான். கையுறையைத் தாண்டி அச்சு விழுந்துவிட்டது. நான் விரலை உதறிக்கொண்டிருக்கும்போது செல்வி நோட்டில் அவன் பெயருக்கு நேரே டிக் போட்டுவிட்டுச் சொன்னாள்: "கடிக்கிற அளவுக்குப் பல்லு ஸ்ட்ராங்கா இருக்குது மேடம். ரிசல்ட்டு நல்லாதான் வந்திருக்குது."

நான் கேட்காத கேள்வி

எல்லாமே இப்படிச் சிரிக்கிற மாதிரி முடிந்ததாக நினைத்துவிடக் கூடாது. இதை எழுதாமல் விட்டால் மற்றதை எழுத எனக்கு உரிமை இல்லை.

சங்கர் தறி நெய்கிறவர். மகன் பிரணவுக்கு ஆறு வயது. அப்பா மட்டும் அழைத்து வந்திருந்தார். கீழ்க் கடைவாயில் ஒரு பல்லில் ஆழமான குழி, மேலே ஒன்றில் சின்ன சொத்தை. வலிக்கிறதா என்று கேட்டேன். "சாப்புடும்போது லேசா வலிக்குதுன்றான்" என்றார் சங்கர். பையன் நெளிந்ததால் எக்ஸ்ரே சரியாக விழவில்லை. இன்னொன்று எடுத்திருக்க வேண்டும். வெளியே கூட்டம். சுரண்டி, அடைத்து, அனுப்பிவிட்டேன். அழாமல் செய்துகொண்டான் என்று எனக்குப் பெருமை வேறு.

எட்டாம் நாள் காலை தாடை வீங்கி, காய்ச்சலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாயைப் பாதிகூடத் திறக்க முடியவில்லை. அந்தப் பல்லின் நரம்பு முன்பே செத்து, வேருக்குக் கீழே சீழ் கட்டியிருக்கிறது. நான் அதன் மேல் மூடி போட்டிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். வீக்கம் வடிந்ததும் பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. அந்த இரண்டு நாளும் நான் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தேன். அங்கேதான் பிரணவின் அம்மா சொன்னாள், ஒரு மாதமாகவே அவன் ராத்திரியில் எழுந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான் என்று. அப்பா தறிக்கூடத்தில் படுப்பவர், அவருக்குத் தெரியாது. தானாக வருகிற வலி, தூக்கத்தைக் கெடுக்கிற வலி என்றால் என் முறை அந்தப் பல்லுக்குப் பயன்படாது. முதல் வருஷப் பாடம் இது. நான் கேட்கவில்லை. இப்போதெல்லாம் யார் வந்தாலும் செல்வியின் முதல் கேள்வி, "ராத்திரி புள்ள பக்கத்துல யாரு படுத்துக்கறது?" என்பதுதான். அந்த ஆள் வரவில்லை என்றால் போனிலாவது பேசாமல் நான் கருவியைத் தொடுவதில்லை.

பெரிய டாக்டர் இந்தச் சமயத்தில் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். பல்லைப் பிடுங்கும்போது அவர் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார், அவ்வளவுதான். அதுவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. பையனை வீட்டுக்கு அனுப்புகிற அன்று சங்கரிடம் நேராகவே சொன்னேன். "தப்பு என்னுது. நான் சரியா விசாரிக்காம அடைச்சிட்டேன். நீங்க வேற டாக்டர்கிட்ட போறதா இருந்தா எல்லா விவரமும் எழுதித் தரேன்." அவர் மகனின் செருப்பை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். மாட்டி முடித்துவிட்டு நிமிர்ந்து சொன்னார்: "தப்புன்னு நீங்களே சொல்லிட்டீங்க, அப்பறம் நான் இன்னா பேசறது. மேல ஒரு பல்லு சொத்தையா இருக்குதுன்னீங்களே, அத இந்த தபா நல்லா விசாரிச்சு நீங்களே பாருங்க."

தறியும் பால் பாட்டிலும்

கௌரிக்கு இருபத்தாறு வயது. வீட்டிலேயே தறி. மகள் நிலாவுக்கு இரண்டரை வயது, முளைத்த பல்லில் பாதி சொத்தை. விசாரித்ததில், சர்க்கரை போட்ட பால் பாட்டில் நாள் முழுக்க வாயில் இருக்கிறது என்று தெரிந்தது. நான் கால் மணி நேரம் பாடம் எடுத்தேன். பாட்டிலை இன்றைக்கே நிறுத்த வேண்டும், சர்க்கரையே கூடாது, இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்றெல்லாம் கேட்டேன். கௌரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அதன் பிறகு இரண்டு மாதம் ஆளே வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

செல்வி வீடு கௌரி வீட்டுக்கு அடுத்த தெரு. ஒரு நாள் மத்தியானம் அவளோடு கௌரி வீட்டுக்கே போனேன். கௌரி தறியில் இருந்தாள். கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் தரையில் நிலா. நாங்கள் போய் உட்கார்ந்த பத்து நிமிஷத்துக்குள் நிலா தறிக்கு அடியில் புகுந்து மிதியைப் பிடித்தாள், ஜரிகைக் கட்டையை உருட்டிவிட்டாள், தறியில் விரித்திருந்த பாவு நூலில் கையை வைக்கப் போனாள். ஓர் இழை அறுந்தால் இறங்கி, தேடி, முடிச்சுப் போட்டு, மறுபடி ஏற வேண்டும். கௌரி தறியில் இருந்தபடியே கை நீட்டிப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். குழந்தை அடங்கிப் படுத்துக்கொண்டது. தறி மறுபடி ஓடியது. இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று நான் கேட்டதற்குப் பதில் அது.

நான் பாடத்தை மாற்றினேன். பாட்டிலை இப்போதே நிறுத்த வேண்டாம். இந்த வாரம் சர்க்கரை ஒரு ஸ்பூன் குறையட்டும், அடுத்த வாரம் இன்னொன்று. பிறகு பாலில் தண்ணீர் கூடட்டும், கடைசியில் வெறும் தண்ணீரோடு பாட்டில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். மருந்தைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். கௌரியைத் தறியிலிருந்து ஐந்து நிமிஷம் இறங்கச் சொல்லி, நானும் அவளும் முட்டியோடு முட்டி வைத்து உட்கார்ந்து, நிலாவின் தலையை என் மடியில் சாய்த்து அங்கேயே பல்லில் மருந்தை வைத்துவிட்டேன். பிரஷ்ஷால் பல் தேய்த்துவிடுவது எப்படி என்றும் காட்டினேன். கிளம்பும்போது கௌரி வாசல்வரை வந்தாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "நீங்க வந்து பாத்தீங்க, அதனால செய்யறேன். ஆனா சர்க்கரைய கொறைக்கணும்னு எங்க மாமியார்கிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. நான் சொன்னா கஞ்சம்னுவாங்க."

ஸ்டீல் பல்

இது சின்ன விஷயம். திருமுக்கூடல் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருகிற அக்கா தங்கை, மது, மீனா. அக்கா மதுவுக்கு ஏழு வயது. கடைவாயில் இரண்டு பல்லுக்கு ஸ்டீல் தொப்பி. மூன்று நாள் முன்னால் பல் இடுக்கில் ரப்பர் வளையம் மாட்டி இடம் உண்டாக்கினேன். பிறகு தொப்பியில் சிமெண்ட் நிரப்பி, பல் மேல் வைத்து, "கடி" என்றேன். கடித்தாள். ஊசி இல்லை, மிஷின் இல்லை. கொஞ்ச நாளைக்கு வாய் மூடும்போது உயரமாகத் தெரியும், தானே சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பினேன். மது கண்ணாடியில் பளபளப்பைப் பார்த்துக்கொண்டே நகரமாட்டேன் என்றாள்.

தங்கை மீனாவுக்கு ஐந்து வயது. தினமும் ஒழுங்காகத் தேய்க்கிற பிள்ளை. அவள் வாயைப் பார்த்துவிட்டு, ஒரு சொத்தைகூட இல்லை, ரொம்ப நல்ல பொண்ணு என்று பாராட்டினேன். பாராட்டினால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தது என் தவறு. உதடு பிதுங்கியது, கண்ணில் தண்ணீர் முட்டியது. எனக்கு ஏன் இல்லை என்று தேம்பினாள். அவள் அம்மா எவ்வளவு சமாதானம் சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் தானே ஒரு வழி கண்டுபிடித்து என்னிடம் சொன்னாள்: "டாக்டர், மொதல்ல எனக்கு ஒரு பல்ல சொத்தையாக்கி விடுங்க. அப்பறம் இந்த மாதிரி போடுங்க."

பத்து எண்ணும் வரை

ஒரு நாள் பெரிய டாக்டர் தானே என் அறைக்கு வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு அம்மா, அவள் கையைப் பிடித்துக்கொண்டு எட்டு வயதுப் பையன். ரேவதி, பஜாரில் ஸ்டேஷனரிக் கடை வைத்திருக்கிறவள். மகன் இனியன் பேச மாட்டான். ஆட்டிசம். சத்தம், வெளிச்சம், புது ஆள் எதுவும் அவனுக்குத் தாங்காது. நாலைந்து பல்லில் சொத்தை. போன இடத்திலெல்லாம் மயக்கம் கொடுத்துத்தான் செய்ய முடியும் என்றிருக்கிறார்கள். போன தடவை வேறொரு காரியத்துக்கு மயக்கம் கொடுத்தபோது பையன் பட்ட பாட்டைப் பார்த்திருந்த ரேவதிக்கு மறுபடி அதற்கு மனம் வரவில்லை. பெரிய டாக்டர் அறையில் மிஷின் சத்தம் கேட்டதும் பையன் தெருவுக்கு ஓடிவிட்டான். "நீதான் மிஷின் இல்லாம பண்றியே. நிதானமா பாரு. எத்தன நாளானாலும் சரி" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

முதலில் ராத்திரி விஷயத்தை விசாரித்தேன். வலியில்லை, தூங்குகிறான். ஈறு எங்கேயும் வீங்கவில்லை என்பதை, வாசலில் பகல் வெளிச்சத்திலேயே அம்மா உதட்டை விலக்கிக் காட்ட, எட்ட நின்று பார்த்துக்கொண்டேன். அவசரம் இல்லை. முதல் நாள் அவன் வாசற்படியைத் தாண்டவில்லை. அன்றைய வைத்தியம் அவ்வளவுதான். அதன் பிறகு வாராவாரம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணி, வேறு யாரும் இருக்க மாட்டார்கள், ஃபேன்கூட ஓடாது, நானும் செல்வியும் எப்போதும் அதே நீலச் சட்டை. மூன்றாவது செவ்வாய் நாற்காலியில் உட்கார்ந்தான். உடனே எழுந்துவிட்டான். ரேவதி வீட்டில் ஒரு காய்ந்த பிரஷ்ஷை எடுத்து, ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே அவன் பல்லைத் தொட்டுப் பழக்கினாள். ஐந்துவரை வந்தான். ஒரு வாரம் திரும்ப இரண்டுக்குப் போனான். பெரிய டாக்டர் தினமும் கேட்க மாட்டார், செவ்வாய்க்கிழமை மட்டும், "இன்னைக்கு எத்தனை?" என்பார். நான் "நாலு" என்பேன். தலையாட்டிவிட்டுப் போவார்.

ஒன்பதாவது செவ்வாய், நான் பஞ்சால் ஒரு பல்லைத் துடைத்தேன். அவன் விட்டான். பிரஷ்ஷை மருந்தில் தொட்டேன். ரேவதி எண்ண ஆரம்பித்தாள். ஏழில் அவன் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. நான் அசையவில்லை. பிடித்தபடியே இருந்தான், தள்ளவில்லை. பத்து. முதல் பல் முடிந்தது. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு பத்து. அன்றைக்கு இரண்டு பல். நாற்காலியிலிருந்து தானே இறங்கி, செல்வியின் மேஜையில் இருந்த பேனாவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான். நான் பிரஷ்ஷைத் தட்டில் வைத்தேன். செல்வி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள், அவள் அழுவதை நான் பார்க்கக் கூடாதாம். ரேவதி மட்டும் வியாபாரம் பேசுகிறவள் மாதிரி நிதானமாக இருந்தாள். கைப்பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "டாக்டர், இவன் ரெண்டு தபா பத்து எண்ணற வரைக்கும் வாயத் தொறந்துக்கினு இருந்தான்னு சொன்னா எங்க வீட்ல ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. அடுத்த செவ்வாக்கெழமை மறுபடி பண்ணுங்க, நான் வீடியோ எடுத்துக்கறேன்."

ஆக, இந்தத் தொழிலில் இத்தனை வருஷம் இருந்து நான் கண்டுகொண்டது, குழந்தை வாயைத் திறக்கிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியவர் டாக்டர்தான் என்பது.